வந்தவைக்கெல்லாம் ஓம் சொன்ன தம்பி

ஹலோ?… ஹலோ?… ஆர், அருமைராசாவோ?… கேக்குதோ?… நான்தான்ரா, அக்கா. மொன்றியாலில இருந்து… ஓம், ஓம், அல்போன்சம்மாவேதான். வேற எத்தினை அக்கா வைச்சிருக்கிறாய்?… சுகம், சுகம். இஞ்சை எல்லாரும் சுகம். அதை விடு. நீ வோட்டுப் போட்டிட்டியோ?…

என்ன 'ம்' எண்டுறாய்? போட்டிட்டியோ, இல்லையோ?…

பொய் சொல்லாதை. நேற்றைக்கு முதல்நாள் நற்கருணை வாங்கின வாயால பொய் சொல்லாதை. உன்ர மகள் எனக்கு எடுத்தவள்… ஓம், லக்சனாதான். நான் வேலையால வந்து சப்பாத்துக்கூடக் கழட்டேல்லை, போன் அடிக்குது. அப்பா கராஜுக்குள்ள போய்க் காரில இருக்கிறாராம், வெளியில வரமாட்டாராம், வோட்டும் போடமாட்டாராம் எண்டு சொல்லுறாள். ஏன்ரா கராஜுக்குள்ள இருக்கிறாய்?… காரை ஸ்ரார்ட் பண்ணிப்போட்டோ இருக்கிறாய்?… இல்லையோ? மாதாவே, நல்ல காலம். அந்தப் பெரிய கதவை முதல்ல திற. காத்து வரட்டும்… திறந்திட்டியோ?… சரி. இந்தப் போனை உனக்கு ஆர் கொண்டுவந்து தந்தது?… நிரஞ்சனி கார்க் கண்ணாடிக்குள்ளால நீட்டினவளோ? அவளுக்குப் புண்ணியம். வேற பெண்சாதி எண்டால் கராஜைப் பூட்டிப்போட்டுச் சாப்பிடப் போயிருப்பாள்.

இப்ப எனக்கு விளங்கப்படுத்து. உங்கை நியூ ஜேர்சியில எலெக்சன் நவம்பரில எண்டெல்லே சொன்னனி? இது யூன் மாதம்… பிறைமறியோ? அது என்ன சாமான்?… ஓ… ஓ… கட்சி தன்ர ஆளை முதல்ல தெரிவு செய்யுது… ஒரே கட்சிக்குள்ள நாலு பேர் கேக்கினம்… அதில ஒராளைச் சனம் தெரிவு செய்யவேணும்… அவர்தான் நவம்பரில மற்றக் கட்சியோட அடிபடுவர். விளங்குது, விளங்குது. முதல்ல வீட்டுக்குள்ள சண்டை, பேந்துதான் வேலிச் சண்டை.

என்னத்துக்கு? கவர்னருக்கோ? அட, கவர்னர் எண்டால் ரிப்பன் வெட்டுற ஆள்தானே! இஞ்சையும் கவர்னர் எண்டு ஆக்கள் இருக்கினம். மெடல் குத்துறதும் கை குடுக்கிறதும்தான் வேலை. அதுக்கேன்ரா நீ கராஜுக்குள்ள… ஓ, உங்கை அப்பிடியில்லையோ?… எங்கட பிறிமியர் மாதிரியோ? ரோட்டு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அவர் கையிலயோ?… அப்ப பெரிய ஆள்தான். அப்ப கட்டாயம் போடவேணுமெல்லே? பின்னை ஏன் போடமாட்டன் எண்டுறாய்?…

சொல்லு… சொல்லு… விழுங்காமல் சொல்லு. ஆருக்கு என்ன சொல்லிப்போட்டாய்?…

முதல் வந்தது, கவர்னருக்குக் கேக்கிற மேயரின்ர ஆக்கள்… சரி. ஆர், கிழவி ஒராளோ?… முழங்கால் ஏலாதவ… உள்ளுக்குக் கூப்பிட்டு இருத்தினனீங்கள்… ஓம், அது செய்யத்தானே வேணும், வெயிலுக்குள்ள நடந்துவந்த மனிசி… தேத்தண்ணி குடுத்து… வடையும் குடுத்தனீங்களோ? வெள்ளைக்காரிக்கோ? செத்தல்மிளகாய் போட்ட வடையோ?… ரெண்டு சாப்பிட்டவவோ! நல்ல மனிசியாத்தான் இருக்கவேணும்… ம்… எழும்பிப் போகேக்கை, எங்கட மேயருக்குப் போடுவியளோ எண்டு கேட்டவ. நீ?… கையைப் பிடிச்சுக் கட்டாயம் எண்டிட்டாய். சரி, சொன்னால் சொன்னதுதான். மேயருக்கே போடன். இதில என்ன வில்லங்கம்?…

அடுத்த கிழமை மற்றவையோ? அது ஆர்?… கட்டிடக் கொம்பனி வைச்சிருக்கிற ஆளோ, அந்தப் பெரிய காசுக்காரன்?… அவன்ர ஆள் வந்தவன்… கோட், ரை எல்லாம் கட்டி… என்ன? சப்பாத்துக் கழட்டேல்லையோ? கார்ப்பெற்றிலயோ ஏறினவன்?… தேத்தண்ணியையும் பாதியில வைச்சிட்டுப் போட்டான்… உவனுக்கு என்னடா சொன்னனி?…

உவனுக்குமோ? ஏன்ரா?…

முகத்துக்கு நேர கேக்கேக்கை எப்பிடி இல்லை எண்டுறதோ? வாயைத் திறந்து சொல்லுறது! எனக்கு யோசிக்கவேணும் எண்டு சொல்லுறது!… ஓம், எனக்குத் தெரியும், வீட்டுக்கு வந்தவையை மனம் நோக அனுப்பக்கூடாது… ஓம்… ஓம்… பொறு, நீ இன்னும் என்னவோ சொல்லாமல் வைச்சிருக்கிறாய். உன்ர மூச்சிலயே தெரியுது. சொல்லு.

பூசை முடியவோ?… கோயில் மண்டபத்திலயோ?… ஆர் வந்தவ, அந்த செனற்றர் அம்மாவோ? அவவேயோ, ஆளை அனுப்பாமல்?… உன்ர கையை ரெண்டு கையாலயும் பிடிச்சு… நிரஞ்சனியின்ர சீலைக்கரையைத் தொட்டுப் பாத்து வடிவெண்டு சொல்லி… அதோட நீ முடிஞ்சுபோயிருப்பாய். அவவுக்கும் ஓம். என்ன? சொல்லு, அவவுக்கும் ஓம் தானே?…

யேசுவே! டேய், ரெண்டு தோணியில கால் வைச்சவனைக் கேள்விப்பட்டிருக்கிறன். நீ மூண்டில வைச்சிருக்கிறாய். உனக்கு ஏதடா மூண்டாவது கால்?…

சிரிக்காதை. நான் பேசுறன், நீ சிரிக்கிறாய்… என்ன, போர்ட்டோ? என்ன போர்ட்டு?… ஓ, பேர் எழுதி வீட்டு முன் முத்தத்தில குத்துறது… மூண்டு பேற்ற போர்ட்டும் குத்தி வைச்சிருக்கிறியோ! ஒரே முத்தத்திலயோ?… பக்கத்து வீட்டுக்காரன் என்ன கேட்டவன்?… வீட்டை விக்கிறியளோ எண்டு கேட்டவனோ? ஐயோ… ஐயோ, பொறு, எனக்கு வயிறு நோகுது… ஓம், கேப்பான்தானே, மூண்டு ஏஜென்ற் பிடிச்சிருக்கிறாய் எண்டெல்லே நினைச்சிருப்பான்.

கொஞ்சம் நில்லு… டனிஸ்ரன்! அடுப்பைக் குறை அப்பு, கட்லற் கருகுது!… இஞ்சை பார், என்ர மகன் பிரெஞ்சில 'உய், உய்' எண்டு ஓம் சொல்லுறான், கதிரையை விட்டு அசையிறானில்லை. பொறு வாறன்… சரி. இப்ப சொல்லு. ஓம், மீன் கட்லற். நாளைக்குக் கோயிலில பாலர் விழா, நூறு கட்லற் என்ர தலையில. நானும் உன்னை மாதிரித்தான், கேட்டவுடனை ஓம் எண்டிட்டன். ஆனா நான் ஒரு கோயிலுக்குத்தான் சொன்னனான்.

இஞ்சை பார், இதெல்லாம் எங்கட சனத்துக்கு ஊறின வருத்தம். போன எலெக்சனுக்கு இஞ்சை சென்ட் லோரன்ட்டில ஒருத்தர் எங்கட மண்டபத்துக்கு வந்தவர். ரெண்டு கையையும் கூப்பி வணக்கம் எண்டு, கையால கடிச்சுத் தின்னுற எங்கட ரோல்ஸைக் கத்தியாலயும் முள்ளாலயும் வெட்டித் திண்டு… ஓம்! ரோல்ஸை! எங்கட ஆக்கள் எல்லாரும் கை குடுத்து 'உய், உய்' எண்டவை. அந்தாள் மண்டபம் நிறைய வோட்டு எண்டு சந்தோசமாக் காரில ஏறினது. பேந்து ஆர் ஆர் உண்மையாப் போட்டவை எண்டு துலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிற அந்தோனியாருக்குத்தான் தெரியும். அவரும் கண்டுபிடிக்கமாட்டார்.

…ஓம், ஓம், உனக்கு அப்பிடி ஏலாது. சொன்ன சொல்லுக்கு நிக்கவேணும். சரி, நல்ல குணம்தான். ஆனா அதுக்கு ஒருத்தருக்கும் போடாமல் விடுறதோ? அருமைராசா, கேள். மாசியில நீ அமெரிக்கன் சிற்றிசன் எண்டு சத்தியம் எடுத்து, கையில சின்னக் கொடி பிடிச்சு நிண்ட படம் அனுப்பினனி. அது என்ர பிறிட்ஜ் கதவில ஒட்டிக்கிடக்கு. பால் எடுக்கிற நேரமெல்லாம் உன்ர பல்லுத்தான் தெரியுது. ஊரில உனக்கு வோட்டு வயசு வரேக்கை நாடு எரியத் தொடங்கிட்டுது. பேந்து ஜெர்மனி, பேந்து உங்கை, அகதி வழக்கு, கிறீன் கார்ட், காத்திருக்கிறது. இந்த வயசுவரைக்கும் ஒரு வோட்டுப் போட்டதில்லை நீ. இண்டைக்குத்தான் முதல் வோட்டு. அதைக் கராஜுக்குள்ள இருந்து வீணாக்கப் போறியோ? எனக்கு நெஞ்சு எரியுது, உன்னாணை.

நேரம் என்ன?… ஆறரை ஆகுது. எத்தினைக்குப் பூட்டுவினம்?… எட்டுக்கோ? அப்ப நேரம் கிடக்கு.

என்ன? யோசனை வைச்சிருந்தனியோ? என்ன யோசனை?… வீட்டில மூண்டு வோட்டு… ஓம்… சொன்னது மூண்டு பேருக்கு… ஓம்… நீ மேயருக்கு… நிரஞ்சனி செனற்றர் அம்மாவுக்கு… லக்சனா காசுக்காரனுக்கு… அட!… அட, கெட்டிக்காரா! ஒருத்தருக்கும் பழுதில்லை! ஆளுக்கொரு துண்டு காணி மாதிரி வடிவாப் பிரிச்சிருக்கிறாய். சட்டத்தரணியும் தேவையில்லை. இவ்வளவு மூளையை வைச்சுக்கொண்டு ஏன்ரா காருக்குள்ள இருக்கிறாய்?…

ஆர் மாட்டன் எண்டது?… லக்சனாவோ?… கதவை அடிச்சுச் சாத்திப்போட்டு மேல போட்டாளோ… நிரஞ்சனியும் அவளின்ர பக்கமோ… அதுக்காக நீ எனக்கும் வேண்டாம், ஒருத்தருக்கும் வேண்டாம் எண்டு கராஜுக்குள்ள போய்… சரி, சரி. சின்னப் பிள்ளைதானே, எடுத்துச் சொன்னால் கேப்பாள். அக்காட்ட விடு. போனை அவளிட்டக் குடு. இறங்காட்டிப் பரவாயில்லை, நிரஞ்சனியைக் கூப்பிட்டுக் குடுத்துவிடு… ஓம், நான் உனக்காகத்தான் கதைக்கப்போறன். பயப்பிடாதை.

…நிரஞ்சனியோ? ஓம், நான்தான். போகட்டும் போகட்டும், அவன்ர குணம் தெரிஞ்சதுதானே. நீ சாப்பிட்டியோ?… அந்தச் சீலை எதடி, செனற்றர் அம்மா தொட்டது?… ஓ, நான் தந்த மாம்பழக்கலரோ! அப்ப அவவுக்குக் கண் இருக்கு. பேந்து கதைப்பம், பிள்ளையிட்டப் போனைக் குடு.

ஹலோ… என்ர குஞ்சு… மாமிதான்… அழுறியோ?… இல்லையோ, தடிமனோ? சரி, தடிமன் எண்டே வைச்சுக்கொள்ளுவம்… இங்கிலீசிலயே சொல்லு, ஆனா மெல்லச் சொல்லு. என்ர மண்டைக்குள்ள பிரெஞ்சும் இங்கிலீசும் ஒரே சட்டியில கிடந்து அவியுது.

இஞ்சை பார், மாமி ஒண்டு கேப்பன். அப்பா பாவமெல்லே? மூண்டு பேருக்குச் சொல்லிப்போட்டு முழிக்கிறார். ஒரே ஒரு வோட்டுத்தானே குஞ்சு, அந்தக் காசுக்காரனுக்குப் போட்டுவிட்டு வாவன்… ஏன் ஏலாது?… ஓம்… ஓம்… வாசிச்சனியோ? நாலு பேர் சொன்னதையுமோ? எல்லாத்தையுமோ?… சோதினைக்கு இப்பிடி வாசிச்சனியோ?… பகிடிக்குக் கேட்டனான், கோவிக்காதை.

…ம்… அவன் என்ன செய்யப்போறானாம்?… பள்ளிக்கூடங்களுக்குக் குடுக்கிறதை வெட்டப்போறானோ… உன்னோட படிச்ச பிள்ளையளின்ர பள்ளிக்கூடமோ… ம்… ஓம், அது பிழைதான்… ஓம், சப்பாத்தோட ஏறினவன்ர முதலாளியிட்ட வேற என்னத்தை எதிர்பாக்கிறது…

ம்?… ம்… திருப்பிச் சொல்லு, குஞ்சு, வடிவாக் கேக்கேல்லை…

ஓம்… அப்பாதான் உனக்குச் சின்னனில இருந்து, ஒருத்தருக்கும் பயப்பிடாமல் வாய் திறந்து கதை எண்டு பழக்கினவர்… ஓம்… அந்த அப்பாவே உன்னை ஒருசொல் கேக்காமல், உன்ர வோட்டைத் தூக்கி வேற ஆருக்கோ… ம்… ம்…

 

ஓம் குஞ்சு. நீ சொல்லுறதுதான் சரி. நான் கொப்பாவுக்காகக் கதைக்கத்தான் உன்னைக் கூப்பிட்டனான். இப்ப கட்சி மாறிட்டன்… ஓம், அரசியல்வாதி மாதிரித்தான். சிரி, சிரி. அப்பிடிச் சிரிக்கேக்கை எனக்கு எவ்வளவு சந்தோசமாக் கிடக்கு தெரியுமோ.

அப்ப நீ ஆருக்குப் போடப்போறாய்? மேயருக்கோ?… அம்மாவுக்கோ?… ஓ, நாலாவது ஒராள் இருக்கிறாரெல்லே! அவரைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. ஆர் அவர்?… டொக்டரோ? குழந்தைப்பிள்ளையள் பாக்கிற டொக்டரோ… அவர் ஏன் வீட்டுக்கு ஆள் அனுப்பேல்லை?… ஆக்களும் இல்லை, காசும் இல்லை… கடைசியாத்தான் நிக்கிறாரோ! அடி, தோக்கிற குதிரைக்கோ இவ்வளவு சண்டை?… ம்… உன்ர கொலிஜுக்கு வந்தவரோ… ஆரோ கேள்வி கேக்க, எனக்குத் தெரியாது, படிச்சிட்டு வந்து சொல்லுறன் எண்டவரோ? எல்லாருக்கும் முன்னாலயோ?… உண்மையா வந்து சொன்னவரோ?… அட. உப்பிடி ஒரு அரசியல்வாதியை நான் இன்னும் காணேல்லை. தோத்தாலும் போடு.

அப்பாவிட்ட இவரைப் பற்றிச் சொன்னனியோ?… அவர் கேக்கவே இல்லையோ… நீயும் சொல்லேல்லை… ம்… என்ன?… ரெண்டு பேரும் ஒண்டாப் போகவேணும் எண்டு நினைச்சனியோ… உனக்கும் முதல் வோட்டு, அப்பாவுக்கும் முதல் வோட்டு… வாசலில நிண்டு படம் எடுக்கவும் கமரா சார்ஜ் போட்டு வைச்சனியோ! ஐயோ, என்ர செல்லம்… தடிமன் திரும்ப வந்திட்டுது போல… மூக்கைத் துடை. எட்டு மணியாக இன்னும் நேரம் கிடக்கு. நீ உடுத்துக்கொண்டு அறைக்குள்ள இரு. கதவைப் பூட்டாதை. போனை அம்மாட்டக் குடு, அவ கொண்டுபோய்க் கராஜுக்குள்ள குடுக்கட்டும்.

…ஓம் நிரஞ்சனி, நல்ல பிள்ளை வளத்து வைச்சிருக்கிறாய். கொண்டுபோய்க் குடு.

ஹலோ… அருமைராசா… இல்லை. சம்மதிக்கேல்லை. நானும் கேக்கமாட்டன் இனி… ஓம், கட்சி மாறிட்டன். நீ அவளிட்டக் கேட்டனியோ? வாயைத் திறந்து, பிள்ளை, உனக்கு ஆர் விருப்பம் எண்டு ஒருக்காக் கேட்டனியோ?… பேந்தென்ன. உன்ர வீடு, உன்ர கார், உன்ர கராஜ். ஆனா அந்த வோட்டு அவளின்ரை. அதைத் தூக்கி ஆருக்கும் குடுக்க நீ ஆர்?… சத்தம் போடாதை. நான் உனக்கு மூத்தவள். நான்தான் சத்தம் போடுவன்.

பொறு. இப்ப உன்னட்ட ஒண்டு கேப்பன். நேரா மறுமொழி சொல்லு. உனக்கு ஆர் விருப்பம்?… இல்லை, இல்லை, ஆருக்கு என்ன சொன்னனி எண்டு நான் கேக்கேல்லை. அதை மூண்டு தரம் கேட்டிட்டன்… டேய்! மேயரை விடு. கிழவியை விடு. வடையை விடு. ஒருத்தரும் வீட்டுக்கு வரேல்லை, ஒருத்தரும் தேத்தண்ணி குடிக்கேல்லை எண்டு நினை. அந்த மெசினுக்கு முன்னால நீ தனிய நிக்கிறாய். ஆருக்கு அமத்துவாய்?…



ஆர்?… கேக்கேல்லை, ஏன் களவெடுத்தவன் மாதிரிக் குசுகுசுக்கிறாய்? கராஜுக்குள்ள ஆர் இருக்கினம்?…

…டொக்டரோ?

ஆர், அந்தக் குழந்தைப்பிள்ளை டொக்டரோ?… எனக்கு எப்பிடித் தெரியுமோ? நான் மொன்றியாலில இருந்தாலும் எனக்கு எல்லாம் தெரியும். நீ சொல்லு. அவரை எங்கை கண்டனி?… காணேல்லையோ… றேடியோவில, வேலைக்குப் போகேக்கை… ம்… என்ன சொன்னவர்?… ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் தாய்தேப்பன் ஆஸ்பத்திரி வாசலில நிண்டு யோசிக்கக்கூடாது எண்டவரோ…

ம்…

ஓம். எனக்கு ஞாபகம் இருக்கு. லக்சனாவுக்கு மூண்டு வயசு. உனக்கு இன்சூரன்ஸ் இல்லை. பிள்ளையைத் தோளில போட்டுக்கொண்டு உள்ளுக்குப் போறதோ விடுறதோ எண்டு நிண்டிட்டு எனக்கு எடுத்தனி. ஓம்… நான் இஞ்சை இருந்து அழுதுகொண்டு, போடா உள்ளுக்கு எண்டு கத்தினனான்… ஓம்… ஓமடா, தம்பி… அழாதை. அழு, பரவாயில்லை. கராஜுக்குள்ளதானே.

பின்னை ஏன்ரா உன்ர பங்குப் பிரிப்பில அவருக்கு ஒண்டும் இல்லை?… என்ன?… அவர் வந்து கேக்கேல்லையோ! கேட்டிருந்தால் சொல்லியிருப்பியோ! அட கடவுளே… வந்து கேட்டவைக்கெல்லாம் பங்கு, மனம் விரும்பினவருக்கு மட்டும் ஒண்டுமில்லை. இப்பிடி ஒரு நியாயத்தை எந்தக் கோட்டிலயடா படிச்சனி?…

நான் ஏன் சிரிக்கிறனோ? சொல்லமாட்டன். சத்தியமாச் சொல்லமாட்டன். காரால இறங்கு… இறங்கு எண்டுறன்! இறங்கிட்டியோ? கதவைச் சாத்தின சத்தம் கேக்கவேணும்… ஆ, கேட்டுது. இப்ப மேல போ. போய் மகளின்ர கதவைத் தட்டு… தட்டிப்போட்டு, இப்ப எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொல்லு. டொக்டரையும் சொல்லு, காய்ச்சலையும் சொல்லு… என்ன வெக்கம்? நீ பெத்த பிள்ளையடா… ஓம், நான் லைனில நிக்கிறன். போனைக் காதில இருந்து எடுத்துக் கையில பிடிச்சுக்கொண்டு போ.

…டனிஸ்ரன், ரீவியைக் குறை! குறை அப்பு, மாமா படியேறுறார்… 

தட்டுறார்…

கதைக்கிறார், ஆனா ஒண்டும் விளங்கேல்லை. இந்தக் குசுகுசுப்பு இவனுக்கு எப்ப போகுமோ…

என்ன சத்தம் அது? அழுகையோ?… இல்லை… இல்லையடா, அது சிரிப்பு! ரெண்டு பேரும் சிரிக்கினம்! டனிஸ்ரன், கேட்டியோ? கட்லற் கருகினால் கருகட்டும்!

ஹலோ… ஓம்!… ஓம்! எனக்குத் தெரியும்! உனக்கு முந்தியே எனக்குத் தெரியும்… ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் ஒரே ஆளை மனசில வைச்சுக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் கேக்காமல் கதவடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறியள். நான் மொன்றியாலில இருந்து வந்து விலக்குப் பிடிக்க வேண்டிக் கிடக்கு… ஓம், ஓம், மெர்சி, மெர்சி. நன்றியெல்லாம் பேந்து.

நிரஞ்சனியோ? அவளுக்கு செனற்றர் அம்மாவைத்தான் விருப்பமோ?… சீலையைத் தொட்டதுக்கோ?… இல்லையோ… பிள்ளை பெத்த தாய்மாருக்குச் சம்பளத்தோட லீவு தரவேணும் எண்டு சொன்னவவோ? அப்ப அவளுக்கும் நியாயம் இருக்கு. நான் வேலை செய்யிற கார்டெரிக்கு, அந்தப் பிள்ளை பாக்கிற இடத்துக்கு வாற தாய்மார் ஒரு வருசம் பிள்ளையோட வீட்டில நிண்டிட்டுத்தான் கொண்டுவந்து விடுகினம். நிரஞ்சனி எத்தினை நாளில வேலைக்கு ஓடினவள் எண்டு உனக்குத் தெரியும்தானே. அவளை விடு. அவள் தன்ர ஆளுக்குப் போடட்டும்.

என்ன இன்னும் இழுக்கிறாய்?… அந்த ஓம் சொன்னவைக்கு என்ன செய்யிறதோ? கேள். வீட்டுக்கு வந்தவைக்குத் தேத்தண்ணி குடுக்கவேணும். அது எங்கட பழக்கம், அதை விடாதை. ஆனா வோட்டையும் தட்டத்தில வைச்சு நீட்டவேணும் எண்டு உனக்கு ஆர் சொன்னது?… ஓம். போற வழியில அந்தப் போர்ட்டு மூண்டையும் பிடுங்கு… சரி, நிரஞ்சனியின்ரை நிக்கட்டும், ரெண்டைப் பிடுங்கு. நாளைக்கு அந்தக் கிழவிக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லு… கோவிக்கமாட்டா. எங்கட வடை ரெண்டு திண்ட மனிசி இதையும் தாங்குவா.

ஓடு, ஓடு, நேரம் போகுது. ஏழு தாண்டிட்டுது… என்ன தேடுறியள்?… கார்த் திறப்போ? ஒரு மணித்தியாலமா எங்கை இருந்தனி? காருக்குள்ளதானே! அதுக்குள்ளதான் கிடக்கும்!… கிடக்கோ? சொன்னனானெல்லே… லக்சனா, கமராவை மறக்காதை!… ஆர், நிரஞ்சனி இன்னும் சீப்பால தலை இழுக்கிறாளோ? வோட்டுப் போடத்தானே போறாள், கலியாணத்துக்கே?… போடட்டும், போடட்டும், வடிவாத்தான் போகவேணும். மெல்ல ஓடு, அருமைராசா. சிவப்பு லைற்றில நில்லு. பிடிபட்டியோ, பொலிசுக்கும் ஓம் சொல்லிப்போட்டு…

ஹலோ?…

அருமைராசா?… ஹலோ?…

போனை நிப்பாட்டாமல் எங்கையோ வைச்சிட்டுப் போட்டான் விசரன். சப்பாத்துத் தட்டில வைச்சிருப்பான்… கார் ஸ்ரார்ட் ஆகுது… ஆ, போகுது… போட்டினம். டனிஸ்ரன், மூண்டு பேரும் போட்டினமடா! என்ர தம்பி வோட்டுப் போடப் போட்டான்!… ஏன் அழுறனோ? வெங்காயம். கட்லற்றுக்கு வெங்காயம் வெட்டினது.

பொறு, என்ன அது… பெல் அடிக்குது. எங்கட இல்லை, அங்கை, நியூ ஜேர்சியில. ஆரோ வந்து நிக்கினம்… திரும்பவும் அடிக்கினம். கதவுக்கு வெளியில என்னவோ கத்துகினம், மிஸ்ரர், மிஸ்ரர் எண்டு… கடைசி நேரத்தில இன்னொரு ஆளோ!

ஹலோ! பொன்ஜூர்! ஹலோ! கேக்குதோ?… ஆர் நீங்கள்? எந்தக் கட்சி எண்டாலும் போங்கோ, போட்டு நாளைக்கு வாங்கோ, தேத்தண்ணி தருவினம்!… பெல்லை உடைக்காதையுங்கோ! வீட்டில ஒருத்தரும் இல்லை!…

என்ன, போன் கார்ட்டுக்காரி ஊடால கதைக்கிறாள்… ஒரு நிமிசம்தான் கிடக்காமோ? இந்த டெப்பனேர்க் கடையில வாங்கிற போன் கார்ட் எப்பவும் இப்பிடித்தான்… ஹலோ! வெளியில நிக்கிறவர்! ஒருத்தரும் இல்லை எண்டுறன்! எல்லாரும் தங்கட தங்கட வோட்டைப் போடப் போட்டி…